மாரிக்கு ஏற்ற பாவித்த வாகனம் எது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி பிறந்து முதல் மழை விழுந்ததும் இந்தக் கேள்வி பதில் பகுதிக்கு வரும் கடிதங்களின் நிறம் மாறிவிடுகிறது. எரிபொருள் சிக்கனம், வண்ணப்பூச்சு, ஒலிபெருக்கி பற்றிய கேள்விகள் ஒதுங்கி, தண்ணீரும் சேறும் முன்னால் வந்து நிற்கின்றன. அவற்றுள் நான்கு கேள்விகளுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் கல்லடியில் வசிக்கும் ஆசிரியன். தை மாதம் முதல் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் உள்ள பாடசாலை ஒன்றுக்கு இடமாற்றம் கிடைத்திருக்கிறது. கடைசி மூன்று கிலோமீற்றர் கிரவல் வீதி. கடும் மழை நாள்களில் ஒரு மதகின் மேலால் தண்ணீர் பாயும் என்கிறார்கள். பாவித்த கார் ஒன்றுக்காக 25 இலட்சம் ரூபாய் வரை சேர்த்திருக்கிறேன். மாருதி 800, அல்டோ, கொரோலா 110, பழைய ஜிம்னி ஜீப் ஆகியவற்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். நண்பர்கள் ஜீப்பையே வாங்கச் சொல்கிறார்கள். எனக்கோ கையால் கியர் மாற்றி ஓட்டும், ஓட்டும்போது மனம் மகிழும் சிறிய வண்டிதான் பிடிக்கும். என் ஆசை தவறா?

பதில்: உங்கள் ஆசை தவறே அல்ல. தினமும் இரு முறை அந்தப் பாதையைக் கடக்கப் போகிறவர் நீங்கள். வண்டியில் ஏறும்போது சலிப்பு வந்தால் அதைக் கவனமாகப் பராமரிக்கவும் மனம் வராது. ஆனால் நான்கு வண்டிகளைப் பற்றி விரிவாக யோசித்திருக்கும் நீங்கள், அந்த மதகைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிட்டீர்கள். மாரிக்கு வண்டி தேர்ந்தெடுக்கும் வேலை அந்த மதகிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மண்முனைத் துறையில் ஒரு காலத்தில் வாவியைக் கடக்க ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏற்றித்தான் வண்டிகளை அக்கரைக்குக் கொண்டு போனோம். 2014இல் பாலம் திறக்கப்பட்ட பின்னர் ஆரையம்பதி வழியாகக் கொக்கட்டிச்சோலைக்குப் போவது எந்தக் காருக்கும் பெரிய காரியமல்ல. ஆகவே உங்கள் பயணத்தின் பெரும்பகுதி நல்ல தார் வீதி. சிறிய பகுதி கிரவல். மிகச் சிறிய பகுதி அந்த மதகு. பெரும்பகுதிக்குப் பொருந்தாத வண்டியை மிகச் சிறிய பகுதிக்காக வாங்குவது, ஆண்டில் சில நாள்களுக்காக எல்லா நாளும் செலவு செய்வதாகும்.

இனி, அந்தச் சில நாள்களில் என்ன செய்வது என்ற கேள்வி. பாயும் தண்ணீரைக் கடப்பதற்கென்று எந்த வண்டியையும் வாங்காதீர்கள் என்பதை நான் எவ்வளவு அழுத்தி எழுதினாலும் தகும். ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். மாருதி 800இன் நீளம் ஏறத்தாழ 3.3 மீற்றர், அகலம் 1.4 மீற்றர், எடை ஏறத்தாழ 650 கிலோ. தண்ணீர் அதன் அடித்தட்டைத் தொட்டபின் இன்னும் 15 சென்ரிமீற்றர் ஏறினால், அந்த உடல் ஒதுக்கும் நீரின் எடை வண்டியின் எடையை நெருங்கிவிடும். அதாவது முழங்காலுக்குக் கீழே நிற்கும் தண்ணீரிலேயே டயர்களின் பிடி ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். பக்கவாட்டில் இழுக்கும் நீரோட்டம் மீதி வேலையைச் செய்துவிடும். கனமான வண்டி சற்று அதிக ஆழம் தாங்கும், அவ்வளவுதான். 2024 நவம்பரில் காரைதீவு மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துச் சென்றதையும், அந்தப் பிள்ளைகளையும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் யாரும் மறந்திருக்க முடியாது. உழவு இயந்திரத்தின் பெரிய சக்கரங்களுக்கே அந்தக் கதி என்றால், ஜீப்பின் சக்கரங்களை நம்பி இறங்குவதில் நியாயமில்லை. மதகின் மேல் தண்ணீர் ஓடும் நாளில் வண்டியை இக்கரையில் நிறுத்திவிட்டு அதிபருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அதை இப்போதே தீர்மானித்துக்கொண்டால், வண்டித் தெரிவும் எளிதாகிவிடும்.

பழைய ஜிம்னி உண்மையில் நல்ல வண்டி. சேற்றுப் பாதையில் அதன் கெட்டித்தனத்தை நானே பலமுறை கண்டிருக்கிறேன். ஆனால் அதன் நான்கு சக்கர இயக்கம், சேற்றிலும் மணலிலும் கிரவலிலும் போட்டுக்கொள்வதற்கானது. முன் பின் அச்சுகளுக்கு இடையே வேக வேறுபாட்டைச் சரிக்கட்டும் அமைப்பு அதில் இல்லாததால், உலர்ந்த தார் வீதியில் அதைப் போட்டு வளைந்தால் கியர்த் தொகுதி இறுகித் தேயும். ஆகவே தார் வீதி முடியும் வரை நீங்கள் ஓட்டப்போவது, உயரமான, எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும், இரு சக்கர இயக்க வண்டியைத்தான். தவிர, நான்கு சக்கர இயக்கம் வண்டியைப் புறப்பட வைக்கும்; நிறுத்த வைக்காது. ஈர வீதியில் பிறேக் பிடிக்கும்போது நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் துணையாக இருப்பது டயர்களின் பிடி மட்டுமே.

கொரோலா 110 நம்பிக்கையான கார். நெடும் பயணத்துக்குச் சுகமானது. உதிரிப்பாகமும் அதைத் தெரிந்த மெக்கானிக்கும் மட்டக்களப்பில் கிடைப்பார்கள். பிள்ளைகளோடு அடிக்கடி மகாஓயா வழியாகக் கண்டிக்கோ கொழும்புக்கோ போகிறவராக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். உங்களுடைய தேவைக்கும் விருப்பத்துக்கும், கைக் கியர் உள்ள அல்டோ அல்லது பிற்கால மாருதி 800 பொருத்தமாகத் தெரிகிறது. எடை குறைந்த வண்டி, திருப்பியவுடன் திரும்பும். 40 கிலோமீற்றர் வேகத்திலேயே ஓட்டும் சந்தோஷத்தைத் தரும். அந்தச் சந்தோஷத்துக்காக வேகத்தைக் கூட்ட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு வராது. அதன் ஒல்லியான 12 அங்குல டயர்களை யாரும் குறையாகச் சொன்னால் நம்பாதீர்கள். அகலமான டயரை விட ஒல்லியான டயர் வீதியில் நிற்கும் தண்ணீரைக் கிழித்துத் தரையைத் தொடும். முந்திய உரிமையாளர் அழகுக்காக அகலமான அலோய் சக்கரம் பூட்டியிருந்தால், பழைய அளவைத் திரும்பப் போடும் செலவையும் விலைபேசும்போது கழித்துக்கொள்ளுங்கள்.

மாருதி என்றால் காபரேற்றர் உள்ள பழைய வகையைத் தவிர்த்து, எரிபொருளைப் பீச்சும் பிற்கால வகையைத் தேடுங்கள். பழைய வகையில் டிஸ்ரிபியூட்டர் மூடியும் பிளக் வயர்களும் ஈரம் பட்டதும் எஞ்சின் திக்கித் திணறுவது அநேகமாக ஒவ்வொரு மாரியிலும் கராஜுக்கு வரும் முறைப்பாடு. குளிரூட்டி இல்லாத வண்டியையும் வேண்டாம் என்பேன். கார்த்திகை மழையில் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு ஓட்டும்போது முன்கண்ணாடியில் படியும் ஆவியை விரைவாக அகற்றுவது குளிரூட்டிதான், ஏனென்றால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. முன்விளக்குகளின் கண்ணாடி மங்கியிருந்தால் தீட்டிவிடுங்கள். வயல் விதைத்த பின்னர் மேய்ச்சலுக்கு இடமில்லாத மாடுகள் இரவில் வீதியில் படுத்திருப்பதும், படுவான்கரையில் பொழுதுபட்டால் யானை நடமாட்டம் இருப்பதும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

டயர்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும்; 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். டயரின் மேற்பரப்பில் உள்ள பள்ளம் ஆழமாக இருந்தாலும் பல வருடம் பழகிய டயரின் இறப்பர் இறுகிப் போயிருக்கும். ஈரத்தில் அது வழுக்கும். டயர் தேய்ந்து, பள்ளத்தின் அடியில் உள்ள குறிமேட்டோடு சமமானால் மீதி ஆழம் 1.6 மில்லிமீற்றர் என்று பொருள். மாரிக்கு அது வரை காத்திருக்கக் கூடாது, 3 மில்லிமீற்றரிலேயே மாற்றிவிடுங்கள். 2020 மார்ச்சில் வந்த இறக்குமதித் தடையால் பாவித்த வண்டிகளின் விலை ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கிய பின்னரும் நல்ல பழைய கார் மலிவாகிவிடவில்லை. எனவே உங்கள் 25 இலட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாமல், நான்கு புது டயர், பிறேக், பற்றரி ஆகியவற்றுக்கான தொகையை முதலில் ஒதுக்கிவிட்டு மீதியில் வண்டி தேடுங்கள்.

கேள்வி: வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கழுவித் துடைத்து விற்கிறார்களாமே, வாங்குபவர் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? — வாசகர் ஒருவர், அக்கரைப்பற்று

பதில்: இந்தக் கேள்விக்கு என் சொந்த இழப்பிலிருந்தே பதில் சொல்ல முடியும். 2011 சனவரியில் மட்டக்களப்பும் அம்பாறையும் நீரில் கிடந்தன. அதே ஆண்டின் நடுப்பகுதியில், நன்றாக வெயில் எறித்த ஒரு நாளில், பளபளப்பான வேன் ஒன்றை ஒரு தரகர் மூலம் வாங்கினேன். முதல் மூன்று மாதம் குறையில்லை. ஐப்பசி மழையோடு உட்புற விளக்குகள் தாமாக எரிந்து அணைந்தன. பின்னர் ஹோர்ன் தானாக ஒலித்தது. கடைசியில் வண்டி புறப்படவே மறுத்தது. மின்கம்பி இணைப்புகளைப் பிரித்தபோது ஒவ்வொன்றுக்குள்ளும் பச்சை நிறக் களிம்பு பூத்திருந்தது. திருத்துவதற்குக் கொடுத்த தொகையை இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

அன்று நான் பார்க்காமல் விட்டவற்றை நீங்கள் பாருங்கள். இருக்கைப் பட்டியை இறுதிவரை இழுத்து, வழக்கமாகச் சுருண்டு கிடக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே எல்லாவற்றையும் கழுவுகிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள். இருக்கைகளைத் தரையோடு பிணைக்கும் திருகாணிகளில் துரு இருந்தால், அங்கு தண்ணீர் நின்றிருக்கிறது என்று கொள்ளலாம். மேலதிகச் சக்கரம் வைக்கும் குழியில் விரலை விட்டுத் துழாவுங்கள். வண்டல் இருந்தால் விரலில் ஒட்டும். பழைய காரில் தரைவிரிப்பு மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் காரணம் கேளுங்கள். கண்ணாடிகளை ஏற்றி அரை மணி நேரம் வெயிலில் விட்டுவிட்டுக் கதவைத் திறந்து மணந்து பாருங்கள். வாசனைத் திரவியத்தின் கீழே கிடக்கும் பூஞ்சண நாற்றம் வெயிலில் வெளிவரும். எஞ்சின் எண்ணெயும் கியர் எண்ணெயும் பால் கலந்த கோப்பி நிறத்தில் இருந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

கலப்பின (ஹைபிரிட்) வாகனங்களில் கூடுதல் கவனம் வேண்டும். அவற்றின் உயர் மின்னழுத்தப் பற்றரி பின் இருக்கைக்கு அடியிலோ பின்னாலோ, சில சிறிய கார்களில் முன் இருக்கைக்கு அடியிலோ இருப்பதால், வண்டிக்குள் கணுக்கால் அளவு ஏறிய தண்ணீர்கூடப் பெரும் நட்டத்தை உண்டாக்கும்.

கரையோர வண்டிக்கு இன்னொரு நோய் உண்டு. கல்முனை முதல் பொத்துவில் வரை கடற்காற்று வீசும் இடத்தில் ஆண்டுக்கணக்கில் வெளியே நின்ற வண்டி, வெள்ளம் காணாமலே உள்ளிருந்து துருப்பிடித்திருக்கும். சக்கர வளைவுகளின் உட்புறம், கதவுக்குக் கீழான பகுதி, பற்றரித் தட்டின் அடி, ஜக் போடும் இடம் ஆகியவற்றைக் குனிந்து பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

வாங்கும் காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளம் வடிந்த மாசி, பங்குனியில் திடீரென விற்பனைக்கு வரும் வண்டிகளை ஐயத்தோடு பாருங்கள். ஆடி, ஆவணியில் தேடி வாங்கினால், மழைக்கு முன் குறைகளைத் திருத்த அவகாசம் இருக்கும். ஆனால் கூரையும் கதவு இறப்பரும் ஒழுகுமா என்பது கோடையில் தெரியாது; சேர்விஸ் நிலையத்தில் அழுத்தத்தோடு தண்ணீர் அடித்துப் பார்க்க விற்பவர் இணங்க வேண்டும். இணங்காதவரிடம் வாங்க வேண்டாம்.

ஆவணங்களில், பதிவுச் சான்றிதழில் உள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வண்டியில் பொறித்தவற்றோடு பொருந்த வேண்டும். லீசிங் நிறுவனத்தின் பெயர் உரிமையாளராகப் பதிவாகி இருந்தால், கடன் தீர்ந்து அந்தப் பெயர் நீக்கப்படும் வரை முழுத் தொகையையும் கொடுக்காதீர்கள். கையெழுத்திட்ட மாற்றப் படிவத்தை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டும் ‘ஓப்பின் பேப்பர்’ வழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. விபத்தோ வழக்கோ வந்தால் இரு தரப்பையும் அது சிக்கலில் மாட்டிவிடும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. முழுக் காப்புறுதி எடுத்தாலும் வெள்ளம் அதில் அடங்குகிறதா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: வாழைச்சேனையிலிருந்து வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்துக்குத் தினமும் போய்வரும் மாணவன் நான். பாவித்த ஸ்கூட்டி வாங்குவதா, ட்ரெயில் வகை மோட்டார் சைக்கிள் வாங்குவதா?

பதில்: தம்பி, நீங்கள் போகும் திருகோணமலை வீதி முழுவதும் காப்பெற் வீதி. ட்ரெயில் வண்டியின் கட்டை கட்டையான டயர், சேற்றுக்கென்று செய்யப்பட்டது. ஈரமான காப்பெற்றில் அதன் தொடுபரப்புக் குறைவாக இருப்பதால் வழுக்கும். அதை ஓட்டுவதில் உள்ள ஆசை எனக்குப் புரிகிறது. வாங்குவதானால் தார் வீதிக்குரிய டயரை மாற்றிப் போட வேண்டும், உயரமும் உங்கள் கால்களுக்கு ஒத்துவர வேண்டும். ஸ்கூட்டியின் சிக்கல் வேறு. சிறிய சக்கரம், தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்கும் குழியில் விழுந்தால் கைப்பிடியைப் பறித்துவிடும். பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தால் பெல்ட் வழுக்கி, எஞ்சின் இரைந்தும் வண்டி நகராது. 17 அல்லது 18 அங்குலச் சக்கரமும் முன்சில்லில் டிஸ்க் பிறேக்கும் உள்ள 125 முதல் 150 சிசி வரையான சாதாரண மோட்டார் சைக்கிள் உங்களுக்கு நன்றாகப் பயன்படும். தண்ணீரைக் கடந்து வந்ததும் மெதுவாக ஓட்டியபடியே பிறேக்கை இலேசாகச் சில முறை அழுத்தி உலர்த்திக்கொள்ளுங்கள். மஞ்சள் கடவையின் பூச்சுக் கோடுகளிலும், பாலங்களின் இரும்பு இணைப்புகளிலும் வண்டியைச் சரிக்காதீர்கள். கிரான் புலிபாய்ந்தகல் பக்கம் நண்பர்கள் வெள்ளம் பார்க்க அழைத்தால் வண்டியோடு போகாதீர்கள். அந்த வீதி மூழ்கும் காலத்தில் அங்குள்ள மக்களே படகில்தான் வந்து போகிறார்கள்.

வண்டி தண்ணீருக்குள் நின்றுவிட்டால், மோட்டார் சைக்கிளானாலும் காரானாலும், உடனே மறுபடி புறப்பட வைக்க முயலக் கூடாது. காற்றோடு தண்ணீரையும் எஞ்சின் உறிஞ்சியிருந்தால், சிலிண்டருக்குள் இருக்கும் தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. இணைப்புத் தண்டு வளைந்துவிடும். தள்ளிக் கரைசேர்த்து, பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பின்னரே அடுத்த வேலை.

கேள்வி: என் மகன் கனடாவில் ஒன்ராறியோவுக்குப் படிக்கப் போயிருக்கிறான். பனிக்காலத்துக்கு மலிவான, ஓட்ட இனிமையான பழைய கார் தேடுகிறான். நான்கு சக்கர இயக்கம் இருந்தால் போதும் என்கிறான். ஏறாவூரில் இருந்துகொண்டு அவனுக்கு என்ன புத்தி சொல்வது? — ஒரு தாய்

பதில்: அம்மா, மேலே ஆசிரியருக்கு எழுதியதையே மகனுக்கும் வாசித்துக் காட்டலாம். பனியிலும் நான்கு சக்கர இயக்கம் புறப்படத்தான் உதவும். நிறுத்துவது டயரின் வேலை. கோடைக்கால டயரின் இறப்பர் ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்கும். குளிர்கால டயர் அந்தக் குளிரிலும் மென்மையாக இருக்கும்படி செய்யப்படுகிறது. அதன் பக்கச் சுவரில் மலையும் பனித்துகளும் சேர்ந்த அடையாளம் இருக்கும். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அத்தகைய டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் அதைப் பூட்டுகிறவருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு உண்டு, கேட்டுப் பெறச் சொல்லுங்கள். நான்கு சக்கரத்துக்கும் பூட்ட வேண்டும். இரண்டுக்கு மட்டும் பூட்டினால் வளைவில் வண்டியின் மறுமுனை தன்பாட்டுக்கு வழுக்கும்.

முன்சக்கர இயக்கமுள்ள மஸ்டா 3 போன்ற சிறிய கார், நல்ல குளிர்கால டயர்களோடு, மலிவாகவும் ஓட்ட இனிமையாகவும் இருக்கும். ஆனால் 2004 முதல் 2009 வரையான முதல் தலைமுறை மஸ்டா 3 பின்சக்கர வளைவில் துருப்பிடிப்பதில் பெயர் பெற்றது; நம் கரையில் கடற்காற்று செய்வதை அங்கே வீதியில் தூவும் உப்புச் செய்கிறது. நான்கு சக்கர இயக்கம்தான் வேண்டும் என்று மகன் பிடிவாதமாக இருந்தால் சுபாரு இம்ப்ரெசாவைப் பார்க்கலாம். அதில் நான்கு டயர்களும் ஒரே அளவில், ஒரே அளவு தேய்வோடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இயக்கத் தொகுதி கெடும். எதை வாங்கினாலும், வழுக்கும்போது தானாகச் சக்கரங்களைப் பிறேக் பிடித்து நேராக்கும் மின்னணு உறுதிக் கட்டுப்பாடு இருக்கட்டும்; 2011 செப்டம்பர் 1க்குப் பின் செய்யப்பட்ட கார்களில் கனடா அதைக் கட்டாயமாக்கியது. தனியாரிடம் வாங்கினால், பாவித்த வாகனத் தகவல் தொகுப்பை விற்பவர் தர வேண்டும் என்பது ஒன்ராறியோ விதி. அதில் முந்திய உரிமையாளர்களும் வண்டியின் மேல் உள்ள கடனும் தெரியும். அதைக் காட்டாதவரிடம் காசைக் கொடுக்க வேண்டாம் என்று இன்றே அழைத்துச் சொல்லிவிடுங்கள்.